பனிப் புனிதர்களுக்குக் காத்திருந்த தக்காளி

லைப்சிக்,
செப்டம்பர்.

அன்புத் தங்கை ரோஸ்விதாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். இங்கே நான் நலம். "ஏண்ணே, ஜூலையில போய் யாராச்சும் தக்காளி நடுவாங்களா? தோட்டத்தைப் புடுங்கிக்கப் போறாங்க பாரு" என்று தொலைபேசியில் கேட்டாயே, அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். தோட்டம் தப்பித்தது. இனி நிதானமாகப் படி.

மனைகளைக் குத்தகைக்கு விடும் நம் தோட்டச் சங்கத்தின் விதி உனக்குத் தெரியும்: மனையில் மூன்றில் ஒரு பங்கிலாவது காய்கனி விளைய வேண்டும். போன வருடம் நம் மனையில் புல்லும் ஒரு சாய்வு நாற்காலியும்தான் விளைந்திருந்தன. இந்தச் செப்டம்பரில் பார்வையிட வரும்போதும் அப்படியே இருந்தால் மனை வேறு ஆளுக்குப் போய்விடும் என்று தலைவி ஹெல்ம்ட்ரூட் அம்மாள் எச்சரித்திருந்தார். நான் ஏப்ரலிலேயே நாற்று வாங்கி ஜன்னலோரம் வைத்துவிட்டேன். பக்கத்து மனை ஓட்டிலி விட்டால்தானே? "அவசரப்படாதீங்க வாத்தியாரே. மே மாசம் உறைபனி கொண்டு வர்ற பனிப் புனிதருங்க அஞ்சு பேரோட நாளும் போகட்டும். கடைசியா வர்ற ஸோஃபியம்மா ரொம்பப் பொல்லாதவ, இலையெல்லாம் கருக்கிடுவா" என்றாள். காத்திருந்தேன். ஸோஃபி போனதும் மண்வெட்டியை எடுத்தேன். "ஜூன்ல ஆட்டுக்குளிர் இருக்கே! மயிர் கத்தரிச்ச ஆடே நடுங்கும், உங்க நாத்து தாங்குமா?" ஆடுகள் நடுங்கி முடிக்கும்வரை காத்திருந்தேன். "ஜூன் கடைசில ஏழு தூங்குமூஞ்சிங்க நாள் வருது. அன்னிக்கு மழைன்னா ஏழு வாரம் மழை. தக்காளி அழுகிடும்." அன்றைக்குப் பார்த்து மழை கொட்டியது. ஆயுள் முழுக்க இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன், வெப்பமானியைக் கையில் பிடித்துக்கொண்டு தூங்குமூஞ்சிகள் எழுந்திருக்கக் காத்திருந்தேன். நாற்றோ என்னைப் போலவே நெடுநெடுவென்று மெலிந்து கூன் போட்டுவிட்டது. ஜூலைப் பாதியில் பொறுக்க மாட்டாமல் வேலியோரம் நட்டேன். அன்று சாயங்காலம்தான் நீ பேசினாய்.

பிந்தி நட்ட செடி, தேர்வுக்கு முந்தைய வாரம் புத்தகத்தைத் திறக்கும் பையன் மாதிரி. அவனுக்கு எல்லாப் பாடமும் வேண்டாம், முக்கியமானது போதும். எனவே ஆகஸ்டில் நுனிகளைக் கிள்ளிவிட்டேன்: புதிதாகப் பூக்காதே, இருப்பதைப் பழுக்க வை என்று. கிள்ளிய கையோடு முதுகு பிடித்துக்கொண்டது. அதன்பின் தோட்டத்துப் பக்கமே போக முடியவில்லை.

நேற்று ஹெல்ம்ட்ரூட் அம்மாள் வந்தார். குற்றவாளி போலப் பின்னால் நடந்தேன். சட்டென்று நின்றார். "வாத்தியாரய்யா, இதென்ன காடா?" வேலியோரம் முழுக்கக் கொத்துக் கொத்தாகச் சிவப்பு! ஒன்றைப் பறித்துக் கடித்தார்; சாறு மோவாயில் வழிந்தது. ஜூலையில் நட்டது என்றேன். "ஜூலையில நட்டதா இது? சும்மா கதை விடாதீங்க!"

"எல்லாம் பொறுமைதாங்க" என்றேன்.

"சரி, மனை உங்களுக்குத்தான். அடுத்த கூட்டத்துல இதைப் பத்தி நீங்கதான் பேசணும்." ஒப்புக்கொண்டேன். நேற்றுத்தான் நன்றாக மூச்சு விட்டேன், ரோஸ்விதா.

ஆகவே எதற்கும் பிந்திவிட்டோமே என்று கலங்காதே. உங்கள் கூரை ஒழுகாமலும் சேமித்த உருளைக்கிழங்கு முளைவிடாமலும் இருக்கட்டும்.

உன் அண்ணன்,
வென்டெலின்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் ஓட்டிலி வந்தாள். "தப்பா நினைக்காதீங்க வாத்தியாரே. போன வருஷம் அழுகின தக்காளியையெல்லாம் வேலி தாண்டி உங்க பக்கம் எறிஞ்சேன். அதான் தானா முளைச்சு நிக்குது." போய்ப் பார்த்தேன். களை என்று நினைத்து, பிடுங்கச் சோம்பி நான் விட்டுவைத்தவைதான் அத்தனையும். நான் நட்டவை அவற்றின் நிழலில், பட்டாணி அளவுப் பச்சைக் காய்களோடு நிற்கின்றன. நீ ஒன்று செய்: நன்றாகக் கனிந்த தக்காளி ஒன்றை வெயில் படும் மூலையில் மண்ணுக்குள் அழுத்திவிட்டு, அதைப் பற்றி யாரிடமும் கேட்காமல் இரு.