மாமாவின் சிங்கப்பூரும் சங்கத்துக் கதிரைகளும்

உயிரோடிருக்கும் மாமனாருக்குச் சாவு வீடு நடத்திய மருமகன் நான். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் மஸ்கெலியா பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர் சொல்லிவிடுவார்.

மாமா இளவயதில் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து சிங்கப்பூரில் லொறி ஓட்டியவர். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒருவரும் அதை நம்பவில்லை. "அவன் திருகோணமலையத் தாண்டியிருக்க மாட்டான்" என்று அவருடைய கூட்டாளி பெருமாள் அறுபது வருடமாகச் சொல்லிவந்தார். (பெருமாள் வட்டவளையைத் தாண்டியதில்லை என்பது வேறு விஷயம்.)

தொண்ணூறாவது பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். மாமா டிரங்குப் பெட்டியின் சாவியை நீட்டினார். உள்ளே சீருடைப் படங்கள், கப்பல் டிக்கெட், ஒரு தகரப் புலி, காலஞ்சென்ற மாமிக்கு எழுதிய கடிதங்கள் (பாதிக்கு மேல் லொறியின் நலம்தான்).

"அந்தப் பெருமாளுக்கு இத ஒருக்கா காட்டிரணும் மாப்பிள்ளை."

அதற்கு ஒரு மேசை போதும். நானோ நாலு புத்தகம் படித்தவன். கண்காட்சியே வைப்பதென்று தீர்மானித்தேன். உட்காரக் கதிரையும் கூடாரமும் கேட்டு மரண உதவிச் சங்கத்துக்குப் போனேன். சாவு வீட்டுக்குத் தவிர அவை வெளியே போனதே இல்லை என்று செயலாளர் தயங்கினார். ஹட்டன் டவுனில் வளர்ந்த நான், மூடநம்பிக்கை பற்றி அவருக்கு அரைமணி நேரம் விளக்கினேன்.

"சரிங்க, நீங்க படிச்சவங்க" என்றார். (அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.)

பிறந்தநாள் காலை, வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டுக்களத்தில் கூடியிருந்த தொழிலாளர்களின் கண்ணெதிரே, சங்கத்தின் பெயர் எழுதிய கதிரைகள் டிராக்டரில் எங்கள் லயத்து வீட்டுக்கு ஏறின. வாசலில் கூடாரம் எழுந்தது. அதன் முன்னால் மாமாவின் சீருடைப் படத்தைப் பெரிதாக்கி வைத்து, ஒரு குறையும் இருக்கக் கூடாதென்று மாலையும் போட்டேன்.

தோட்டத்தில் சாவென்றால் வேலை நிற்கும். நின்றது. பத்து மணிக்கு ஐம்பது பேராவது வருவார்களா என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருக்க, எட்டரைக்கே தப்பு மேளம் முழங்க, கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு தோட்டமே இறங்கி வந்தது. மலையகத்தில் வரலாற்று ஆர்வம் இவ்வளவா என்று நெகிழ்ந்துபோனேன்.

பெண்கள் படத்தின் முன் உட்கார்ந்து ஒப்பாரியைத் தொடங்கியபோதுதான் எனக்கு உறைத்தது. ஆறடி ஆணழகன் போய்விட்டான் என்று அழுதார்கள். உள்ளே சவரம் செய்துகொண்டிருந்த ஐந்தடி மாமா, ஒரு கன்னத்தில் நுரையோடு வாசலுக்கு வந்தார். தப்பு நின்றது. ஒருத்தி மயங்கிச் சாய்ந்தாள்.

"ஏன் நிப்பாட்டிட்டீங்க? நல்லாத்தானே போய்ட்டிருந்துச்சு" என்றார் மாமா.

அப்புறம் எழுந்த சிரிப்பில் கூடாரம் ஆடியது. பெருமாள் மட்டும் மலர்வளையமும் கையுமாக விம்மிக்கொண்டிருந்தார். மாமா அவர் கையைப் பிடித்து, படங்கள் பரப்பிய மேசைக்கு அழைத்துப் போனார். துறைமுகம், கப்பல், பக்கத்தில் இருபது வயது மாமா. பெருமாள் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"போயிருக்கான்யா" என்றார்.

தப்பு மறுபடி முழங்கியது, இந்தத் தடவை ஆட்டத்துக்கு. ஐம்பது பேருக்கு வாங்கிய கேக் தோட்டம் முழுக்கத் தூளாகப் போய்ச் சேர்ந்தது. மலர்வளையத்தை மாமா கழுத்தில் போட்டுக்கொண்டார்.

சாயந்தரம் என்னைக் கூப்பிட்டார். பாராட்டப் போகிறார் என்று அடக்கத்தோடு போய் நின்றேன்.

"சிங்கப்பூர் போனத ஒரு வழியா நம்பிட்டானுங்க மாப்பிள்ளை. இனிமே நான் மேல போனா எவன் நம்புவான்?"