எல்லாம் சரி விளக்கு

உலகத்தில் எத்தனையோ விளக்குகள் எரிகின்றன. ஆனால் அவை வெளிச்சம் கொடுப்பதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடுகின்றன. "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று இரவு பகல் ஓயாமல் அறிவிக்கும் பேறு, அந்த ஆற்றுப் படகுத்துறையின் சிவப்பு விளக்கு ஒன்றுக்குத்தான் வாய்த்தது. அதைக் கண்டுபிடித்த மேலாளர் அடக்கமே உருவானவர். விளக்குக்குத் தம் பெயரைச் சூட்டவில்லை. அதன் கீழே பலகை மாட்டிப் பெயரை எழுதியதோடு நிறுத்திக்கொண்டார்.

துறைக்கு இருந்தது ஒரே படகு. அதன் பின்பக்கம் தொங்கியது ஒரு கிழட்டு மோட்டார். முன்பு ஒருநாள் அது கிளம்ப மறுத்தபோது மேலாளர் உடனே கூட்டம் போட்டார். "பழுது வந்த பிறகு தெரிஞ்சுக்கிறது நிர்வாகம் இல்லை. பழுது இல்லேன்னு எந்நேரமும் தெரிஞ்சுக்கிட்டே இருக்கணும், அதுதான் நிர்வாகம்" என்று மேசையைத் தட்டினார். அப்படித்தான் ஒரு பழைய லாரியின் பின்விளக்கு படகில் ஏறி, பேட்டரியோடு நேராக இணைந்தது. விளக்கு எரிந்தால் பேட்டரி நலம். பேட்டரி நலமென்றால் மோட்டார் நலம். மோட்டார் நலமென்றால் படகு நலம். மேலாளர் வீட்டு ஜன்னலிலிருந்தே ஒரு பார்வை பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

மோட்டாரை இழுத்துக் கிளப்பும் கயிற்றையும் கழற்றச் சொன்னார். கயிறு கையில் இருந்தால், பேட்டரியில் கிளப்பும் பட்டன் மேல் எவனுக்கு நம்பிக்கை வரும்? அந்தக் கயிறு இப்போது பெயர்ப்பலகையைத் தாங்குகிறது.

அன்றிலிருந்து படகுக்கு ஒரு குறையும் இல்லை, அது ஓடாததைத் தவிர.

இதில் தூக்கம் கெட்டது படகோட்டிக்கு. அவர் மனைவி அக்கரை ஆஸ்பத்திரியில் நர்ஸ். படகு வராத இரவுகளில் அங்கேயே பெஞ்சில் படுக்க வேண்டியிருந்தது. அன்று காலை போனில் கறாராகச் சொல்லிவிட்டார்: "இன்னிக்கும் என்னைப் பெஞ்சுல படுக்க வச்சீங்க, இந்தப் பக்கமே ரூம் பாத்துக்குவேன். நீங்க அந்த மோட்டாரைக் கட்டிக்கிட்டுக் குடித்தனம் பண்ணுங்க."

மனைவி, சொன்னால் சொன்னபடி செய்கிற ரகம். படகோட்டி மேலாளர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, மின் பழுது பார்ப்பவரை வரவழைத்தார். சட்டைப் பையில் எப்போதும் டெஸ்டர் செருகியிருப்பதால் ஊருக்கே அவர் 'டெஸ்டர்'.

டெஸ்டர் ஃபியூஸைப் பார்த்தார், நல்லது. பேட்டரி முனைகளில் பூத்திருந்த பச்சையை உப்புத்தாளால் தேய்த்தார். ஒயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். பட்டனை அழுத்தினார். மோட்டார் 'டொக்' என்று ஒரு ஏப்பம் விட்டு அடங்கியது.

"பேட்டரி இறங்கிடுச்சு சார்."

"எப்படி இறங்கும்? விளக்கு எரியுதே!"

"விளக்கு எரியக் கொஞ்சம் இருந்தா போதும் சார். மோட்டாரைச் சுத்த நிறைய வேணும். ராத்திரி பூரா அந்த விளக்குதான் குடிக்குது. அணைச்சு வைங்க, சரியாயிடும்."

மேலாளர் டெஸ்டரைப் பரிதாபமாகப் பார்த்தார். "விளக்கை அணைச்சிட்டா, பேட்டரி நல்லா இருக்குன்னு எப்படிய்யா தெரியும்?"

டெஸ்டர் யோசித்தார். இந்தத் துறையால் மாதம் பாதி அவருக்கு வேலை இருந்தது. "அதுவும் சரிதான் சார்" என்று டெஸ்டரைப் பையில் செருகிக்கொண்டார்.

படகோட்டிக்குத்தான் பொறுக்கவில்லை. "சார், நீங்களே பாருங்க. பட்டனை அழுத்தினா விளக்கே அணையுது" என்று அழுத்திக் காட்டினார். விளக்கு கண்ணை மூடித் திறந்தது.

மேலாளரின் முகம் மலர்ந்தது. "பிடிபட்டான் திருடன்!"

"யாரு சார்?"

"மோட்டார்தான்! விளக்கோட கரண்டை அது திருடுதுய்யா. கண்ணெதிர்லயே திருடுது, பாத்துக்கிட்டு நிக்கிற!"

உடனே உத்தரவு பிறந்தது. மோட்டாருக்குப் போன ஒயரை டெஸ்டர் அறுத்தார். தினமும் காலையில் பேட்டரியை அலுவலகத்துக்குச் சுமந்து சென்று சார்ஜ் ஏற்றி வரும் பொறுப்பு படகோட்டிக்குக் கிடைத்தது. அவருடைய பதவியும் 'விளக்குப் பொறுப்பாளர்' என்று உயர்ந்தது. வாழ்த்திவிட்டு மேலாளர் வீட்டுக்குப் போனார்.

பொழுது சாய்ந்தது. தொல்லை நீங்கிய விளக்கு ஜெகஜ்ஜோதியாக எரிந்தது. அக்கரையிலிருந்து போன் வந்தது.

"என்னங்க, கிளம்பியாச்சா?"

"இல்லம்மா. படகு ஓடாது. மோட்டாரை..."

"புளுகாதீங்க. இங்கேருந்து விளக்கு பளிச்சுன்னு தெரியுது. இந்தக் கரையிலயும் உங்க மேலாளர் போர்டு வச்சிருக்கார், 'விளக்கு எரிந்தால் படகு நலம்'னு. படகு நல்லாத்தான் இருக்கு. உங்களுக்குத்தான் வர மனசில்ல. நான் ரூம்காரங்ககிட்ட பேசிடறேன்."

போன் கட்டானது. படகோட்டி விளக்கைப் பார்த்தார். இத்தனை வருஷக் குடித்தனத்தை ஒரு லாரியின் பின்விளக்கு பிரிப்பதா? ஆத்திரம் தலைக்கேற, ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பு. துறை இருண்டது.

சற்று நேரத்தில் மறுபடியும் போன்.

"ஐயோ, விளக்கு அணைஞ்சிடுச்சே! அப்ப நிஜமாவே கெட்டுப்போச்சா? பாவம், நீங்க என்ன பண்ணுவீங்க. ரூம் வேண்டாம்னு சொல்லிடறேன். பெஞ்சுலயே படுத்துக்கறேன். நீங்க சாப்பிட்டீங்களா?"

படகோட்டிக்குக் கண் கலங்கிவிட்டது. சாப்பிட்டதாக மகிழ்ச்சியோடு பொய் சொன்னார்.

அதற்குள் இன்னொரு அழைப்பு குறுக்கே வந்தது. ஜன்னலோரம் நின்ற மேலாளர் மூச்சிரைக்கக் கத்தினார்: "என்னய்யா பண்ணித் தொலைச்சே? இவ்வளவு நாளா ஒரு குறை இல்லாம ஓடிக்கிட்டிருந்த படகு! ஒரே நிமிஷத்துல கெடுத்துட்டியே!"