முழுப் பசு

ஓவியக் காட்சியில் ஒரு படம் தொங்க வேண்டுமானால் அதில் ஜப்பான் இருந்தாக வேண்டும் என்று அந்த வருஷம் பாரிஸில் உத்தரவாயிற்று. எந்தப் படத்தில் எவ்வளவு ஜப்பான் என்று சோதித்துச் சொல்ல ஒரு துணைக்குழுவும் அமைத்தார்கள். அதன் தலைவர் முசியே த்ருபேர் ஜப்பானுக்குப் போனதில்லை. ஆனால் வீட்டில் ஒரு காகிதக் குடை வைத்திருந்தார். அந்தக் காலத்தில் அது பெரிய தகுதி.

ஒனெசிம் பெலர்ஜே பதினோரு வருஷமாகப் படம் அனுப்பி, பதினோரு தடவையும் திரும்பப் பெற்றவர். இந்தத் தடவையும் திரும்பினால் திஜோன் ஊரில் மாமனாரின் கடுகுக் கடைக்குப் போய் உட்கார்ந்துவிடுவதாக எழுதிக் கொடுத்திருந்தார். கடுகு அரைக்கும் வாடை பட்டாலே அவருக்குக் கண்ணில் நீர் கொட்டும். ஆகவே உயிரைக் கொடுத்து வரைந்தார். ஆற்றங்கரை, அதில் ஒரு பசு. கொம்பு முதல் வால் வரை அச்சு அசல் பசு.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. 'மேற்படி பசுவைக் கூர்ந்து நோக்கியதில் ஜப்பானுக்குரிய அறிகுறி ஏதும் தென்படவில்லை.' பசுவின் பின்னால் ஒரு பெண்ணை நிறுத்தி, கையில் விசிறி கொடுத்து மறுபடி அனுப்பினார். 'விசிறி நன்றியுடன் ஏற்கப்பட்டது. எனினும் பசு முழுமையாக உள்ளது.'

மனுஷர் நேரிலேயே போய்விட்டார்.

"பசு முழுசா இருந்தா என்னங்க தப்பு?"

"ஜப்பான்காரங்க எதையும் முழுசாப் போடமாட்டாங்க. ஓரத்துல பாதி வெட்டுப்பட்டிருக்கணும். மீதியை நாம ஊகிச்சுக்கணும்," என்றார் த்ருபேர்.

"அப்போ அங்கே பசுவெல்லாம்?"

"பாதியாத்தான் இருக்கும்."

பெலர்ஜேயின் மனைவி கிளோதில்த், பழைய திரைச்சீலைகளை ஜப்பானியக் கிமோனோ அங்கியாகத் தைத்துச் சீமாட்டிகளுக்கு விற்பவள். விஷயத்தைக் கேட்டு அவள் அழவுமில்லை, ஆறுதல் சொல்லவுமில்லை. துணி வெட்டும் கத்தரியை எடுத்தாள். தலையையாவது விட்டு வை என்று அவர் கெஞ்சினார்.

"தலை இருந்தா பசுன்னு தெரிஞ்சுடுமேங்க. அப்புறம் அவங்க எதைப் போய் ஊகிப்பாங்க?"

பசுவின் பின்பாதியும், வாலும், விசிறிப் பெண்ணும் ஓவியக் காட்சியின் நடுக்கூடத்தில் தொங்கின. தலையில்லாத அந்த மௌனத்தில் கீழ்த்திசை ஞானம் அத்தனையும் அடங்கியிருப்பதாகப் பத்திரிகைகள் எழுதின. சீமான்கள் தங்கள் முன்னோர் படங்களையும் ஜப்பானியமாக்கித் தரச் சொல்லி அனுப்பினார்கள். கிளோதில்த் கிமோனோவை விட்டுவிட்டுத் தாத்தாக்களை வெட்ட ஆரம்பித்தாள்.

மறுவருஷம் த்ருபேர் ஓய்வு பெற்றதும் தலைவர் நாற்காலி பெலர்ஜேக்கே வந்தது. மனைவிக்கும் பக்கத்து அறையில் ஒரு மேஜை போட்டுக் கொடுத்தார்கள். ஒரு முழுப் பசுவை உள்ளே விட்டால் பதவி போகும். பதவி போனால் கடுகுதான்.

முதல் நாள் முதல் படமே ஆற்றங்கரையில் முழுப் பசு. ஈர மூக்கு, அதில் ஒரு ஈ. பெலர்ஜேக்கு நெஞ்சு இளகிவிட்டது. தான் இப்படி ஒரு பசுவை வரைந்து எத்தனை நாளாயிற்று என்று ஏக்கமாக இருந்தது.

வரைந்தவர் எதிரே அடக்கமாக நின்றார். பெயர் மினேகிஷி. ஐரோப்பிய ஓவியத்தை முறையாகக் கற்று வரும்படி ஜப்பான் அரசாங்கம் அவரைப் பாரிஸுக்கு அனுப்பியிருந்தது. மூன்று வருஷம் பசுவிலேயே உழைத்திருக்கிறார். இந்தப் படம் தொங்கினால்தான் டோக்கியோவில் ஆசிரியர் உத்தியோகம்.

"படம் அருமைங்க," என்றார் பெலர்ஜே, மனசாரத்தான். அப்புறம் திஜோன் நினைவுக்கு வந்தது. முத்திரையை எடுத்தார்.

"ஆனா இதுல ஜப்பான் போதாது. மன்னிக்கணும்."

மினேகிஷி குனிந்து வணங்கினார். தான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்.

"ஜப்பான்காரங்க எப்படி வரையறாங்கன்னு கொஞ்சம் பார்த்துப் பழகுங்க," என்று சொல்லிவிட்டு, பெலர்ஜே பக்கத்து அறையைப் பார்த்துக் கூப்பிட்டார்:

"கிளோதில்த், அந்தக் கத்தரியை எடுத்துட்டு வா."