ஓராண்டு வெள்ளைக்காரர்

கொழும்பில் காகத்துக்கும் கடிக்கிற நுளம்புக்கும் ஆமிக்காரர் காவல் நிற்கும் சென்றிப் பொயின்றுக்கும் அடுத்தபடியாக நீங்கள் தவிர்க்க முடியாத ஜீவராசி ஒன்று உண்டு. ஓராண்டு வெள்ளைக்காரர். பிறப்பால் வெள்ளைக்காரர் அல்லர். நிறத்தால் சாத்தியமே இல்லை. மாணவர் பரிமாற்றத் திட்டம் என்ற ஒன்றில் தெரிவாகி, அமெரிக்காவுக்குப் போய், அங்கே ஒரு குடும்பத்தோடு அவர்கள் பிள்ளை மாதிரித் தங்கி, பள்ளிக்கூடம் போய், பனியில் நாலு தரம் வழுக்கி விழுந்து, பத்திரமாகத் திரும்பி வந்தவர். போனது ஒரே ஒரு வருஷம். ஆனால் அந்த வருஷம் முடிந்தால்தானே!

வெள்ளவத்தையில் தெருவுக்கு, ஒழுங்கைக்கு ஒருவர் இருப்பதாகக் கேள்வி. எங்கள் கொட்டாஞ்சேனைக்கு வாய்த்தவர் ஒஸ்வால்ட். துறைமுகத்தில் கிளார்க் வேலை பார்க்கும் யேசுரட்ணத்தின் மூத்த மகன், வயது பத்தொன்பது, என் பக்கத்து வீடு. ஆகவே நான் சொல்வதெல்லாம் மதிலுக்கு மேலால் நானே கண்டதும் கேட்டதும்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். வந்து எட்டு மாதமாகியும் சூட்கேசில் விமானக் கொம்பனியின் துண்டு தொங்கும். மணி கேட்டால் இரண்டு மணி சொல்லுவார்: இங்கே என்ன மணி, மின்னசோட்டாவில் என்ன மணி. கரண்ட் போனால் அங்கே போவதில்லை என்பார். பஸ்ஸில் நெரிந்தால் அங்கே நெரிவதில்லை என்பார். மழை பெய்தால் மட்டும் கொஞ்சம் யோசிப்பார், ஏனென்றால் அங்கேயும் பெய்யும். வாயைத் திறந்தால் முதல் வார்த்தை, "என்ட ஹோஸ்ட் பெமிலியில..." அந்தக் குடும்பத்து நாய்க்கு எந்தக் காது கேளாது என்பதுகூட எங்கள் ஒழுங்கை முழுவதற்கும் பாடம்.

திட்டப்படி முதல் ஆறு மாதம் ஒரு வீடு, அடுத்த ஆறு மாதம் இன்னொரு வீடு. அதனால் ஒஸ்வால்டுக்கு அங்கே ஒரு 'பேர்ஸ்ற் மாம்', ஒரு 'செக்கண்ட் மாம்'. அப்படியானால் பெற்றவள் எத்தனையாவது? கேட்டேன். "அங்கிள், அது வேற சிஸ்ரம்" என்றார்.

பெற்றவள் பேர்ணடெற் அக்கா. பாவம், மகனை அனுப்பும்போது அவவுக்கு இருந்த ஒரே சந்தோஷம், ஒரு வருஷமாவது பெடியன் ஆமிக்காரரின் றவுண்ட் அப்பில் பிடிபடாமல் இருப்பான் என்பது. கொச்சிக்கடை அந்தோனியாருக்குச் செவ்வாய்க்கிழமை தவறாமல் மெழுகுதிரி கொளுத்தினா. பிள்ளை வந்தது. சூட்கேசும் வந்தது. ஆனால் போன பிள்ளைதான் வந்ததா என்பது அவவுக்கு இன்னும் நிச்சயமில்லை. "தம்பி, வீட்டில ஆரோ வாடகைக்கு இருக்கிற மாதிரிக் கிடக்கு" என்று ஒருநாள் மதிலடியில் என்னிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்தா.

அவ சொன்னது மிகையில்லை. சாப்பாட்டு மேசையில் ஒஸ்வால்ட் நடத்தும் பிரசங்கத்தைக் கேட்க வேண்டும். "அங்க ஆரும் அம்மாவ வேலைக்காரி மாதிரி நடத்திறேல்ல. சாப்பிட்ட பீங்கான அவரவர்தான் கழுவ வேணும். வீட்டு வேலை எல்லாருக்கும் பொது." நல்ல பேச்சு. கை தட்டலாம். பேச்சு முடிந்ததும் பேச்சாளர் எழும்பிப் போய்விடுவார், பீங்கான் மேசையில் இருக்கும். அதை எடுத்துப் போவது யார்? தங்கச்சி கொன்ஸ்ரன்ஸ். கழுவுவது? பேர்ணடெற் அக்கா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு ஆமிக்காரர் ஒழுங்கையைச் சுற்றி வளைத்து வீடு வீடாகச் செக் பண்ணினார்கள். பொலிஸில் பதிந்த குடும்பப் பட்டியலோடு எல்லோரும் விறாந்தையில் நிற்க, ஒஸ்வால்ட் மட்டும் உள்ளே கால்மேல் கால் போட்டுக் கதிரையில் இருந்தார். ஆமிக்காரன் அவரையும் சூட்கேசையும் பார்த்துவிட்டு, இவர் வெளியிலிருந்து வந்து தங்கியிருக்கிற ஆளா என்று சிங்களத்தில் கேட்டான். பேர்ணடெற் அக்கா பதறிப்போய், "மகே புத்தா, மாத்தயா, மகே புத்தா!" என்று, தன் மகன்தான் என்பதைத் தெரிந்த சிங்களத்தில் நாலு தரம் சொன்னா. பட்டியலில் பெயர் இருந்தபடியால் தப்பியது. எனக்கென்றால் அந்த ஆமிக்காரனில் பிழை தெரியவில்லை.

போன மாதம் கடிதம் ஒன்று வந்தது. பேர்ஸ்ற் மாமிடமிருந்து. ஒஸ்வால்டுக்கல்ல, பேர்ணடெற் அக்காவுக்கு! அக்கா கையைச் சீலையில் துடைத்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கினா. இங்கிலீஷ் அவ்வளவு வராது. மகனை வாசித்துச் சொல்லச் சொன்னா. நான் பேப்பர் இரவல் வாங்கப் போனவன், சும்மா நின்றேன்.

ஒஸ்வால்ட் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். அங்கே பனி அதிகமாம். நாய்க்குச் சுகமில்லையாம். ரீவியில் கொழும்புக் குண்டுவெடிப்பைப் பார்த்துப் பயந்துபோனாவாம். பிறகு கண் மட்டும் கடைசி வரி வரைக்கும் ஓடியது. "மிச்சத்தில விசேசமா ஒண்டுமில்லையம்மா" என்று கடிதத்தை மடித்தார்.

கொன்ஸ்ரன்ஸ் விடுவாளா? பறித்தாள், வாசித்தாள், அடிக்கொருதரம் அண்ணனைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொன்னாள். "உங்கள் மகனைப் போல ஒரு பிள்ளையை நாங்கள் கண்டதில்லை. ஒவ்வொரு நாளும் பாத்திரமெல்லாம் அவனே கழுவுவான். உடுப்பு மடிப்பான். விடிய ஆறு மணிக்கு எழும்பி, கோப்பி போட்டு, என் கட்டிலடிக்குக் கொண்டுவந்து தருவான். இப்படிப் பிள்ளை வளர்த்த தாயை ஒருக்கால் பார்க்க வேணும்."

பேர்ணடெற் அக்கா ஏசுவா என்று நினைத்தேன். ஏசவில்லை. முகமெல்லாம் பூரிப்பு. "பாத்தியே, என்ட பிள்ளைய எப்பிடிச் சொல்லியிருக்கிறா!" என்றா. பிறகு மகனைப் பார்த்து, மெய்யாகவே அறிய வேண்டும் என்ற ஆசையில் கேட்டா:

"அவவுக்குக் கோப்பிக்குச் சீனி எத்தினை கரண்டி, மகன்?"

"ஒண்டரை" என்றார் ஒஸ்வால்ட், யோசிக்காமல்.

"என்ட தேத்தண்ணிக்கு?"

ஒஸ்வால்ட் தாயைப் பார்த்தார். தங்கச்சியைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார், நானென்ன செய்ய? "ரெண்டு... என்ன?"

"எனக்குச் சீனி வருத்தம் வந்து, சீனியே போடாம விட்டு ஆறு வருசம், மகன்" என்றா அக்கா, கோபமே இல்லாமல். கோபித்திருந்தால் பெடியன் தப்பியிருப்பான்.

அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு மதிலுக்கு அப்பால் குசினியில் பாத்திரம் உருண்டது. "அம்மா, தேயிலை எங்க வைக்கிறனீங்கள்?" என்ற குரல் கேட்டது. ஹோஸ்ட் பெமிலியைப் பற்றி அன்று முழுக்க ஒரு சொல் இல்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்தைத் தாண்டாத உங்களுக்கு இதில் என்ன பங்கு, அப்படித்தானே? சிநேகிதன் வீட்டில், "அன்ரி, நீங்க இருங்கோ, நான் கழுவுறன்" என்று பீங்கானைப் பறிக்கிறவர் யார்? வேலை செய்யும் கந்தோரில் பெரியவரின் தேத்தண்ணிக்குப் பால் கூடவா குறையவா என்று மனப்பாடமாக வைத்திருப்பவர் யார்? இப்போது இதை வாசிக்கும்போது உங்கள் கையருகில் தேத்தண்ணி ஒன்று இருக்குமே, அதை வைத்துவிட்டுப் போனவர் தனக்கு எத்தனை கரண்டி போட்டுக்கொள்கிறார், சொல்லுங்கள் பார்ப்போம்.

தெரியாவிட்டால் எழும்பிப் போய்க் கேட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். நான் என் மனைவியிடம் போய்க் கேட்டேன். இன்றோடு மூன்று நாள், என் தேத்தண்ணியை நான்தான் ஊற்றிக் குடிக்கிறேன்.