வாட்ச் கடைக்காரரைக் கடித்த பூச்சி

இதை எனக்கு முதலில் சொன்னது என் தங்கை. போன மாதம் பல் பிடுங்கிக்கொண்டு வந்த அன்றைக்கே, வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே சொன்னாள். அவ்வளவு அவசரம் அவளுக்கு. அவள் பக்கத்து வீட்டில்தான் இந்தத் தையல்காரம்மாவும், வாட்ச் ரிப்பேர் செய்கிற அவள் வீட்டுக்காரரும் இருக்கிறார்கள். கடவுள் சில பெண்களுக்கு எத்தனை நிதானத்தைக் கொடுத்திருக்கிறார் என்று எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

அவர்கள் மகள் கைக்குழந்தையோடு வெள்ளிக்கிழமை வருகிறாள். பின்னறைச் சுவர் ஈரத்தில் ஊறி உதிர்கிறது. பெயிண்ட் வாங்கி வைத்து நாலு மாதம். "இந்த ஞாயித்துக்கிழமை அடிச்சு முடிக்கலைன்னா என் பேரை மாத்திக் கூப்பிடு" என்று சபதம் போட்டார் மனுஷர். ஞாயிறு விடிந்ததும், "கடையில பத்து வாட்ச் நிக்குது, அவசரம்" என்று கிளம்பிவிட்டார். ரிப்பேருக்கு வந்த வாட்ச் நிற்காமல் நடக்கவா செய்யும்? அவர் போனது ஏரிக்கரைக்கு. தூண்டிலைப் போட்டுவிட்டு நாள் பூராவும் புல்லில் புரண்டு கிடந்தார்.

திங்கள் காலையில் அரிக்க ஆரம்பித்தது. அரிப்பென்றால் அப்படி ஓர் அரிப்பு. கணுக்காலில், முழங்கால் மடிப்பில், இடுப்பைச் சுற்றி, எங்கும் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வாட்ச் முள்ளைப் பிடுங்கும் குறடால் தன் காலையே ரிப்பேர் பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க பண்றீங்க?"

"பூச்சி உள்ள பூந்துடுச்சு. எடுக்கறேன்."

"எந்தப் பூச்சி?"

"அது... கடையில மூட்டைப்பூச்சிம்மா. நாற்காலி பூரா."

தையல்காரம்மா குனிந்து பார்த்தாள். காலுறை இறுக்குகிற இடத்தில் ஒரு வளையம். இடுப்பில், அவளே எலாஸ்டிக் வைத்துத் தைத்த பட்டிக்கு அடியில் இன்னொரு வளையம். துணி இறுக்குகிற இடமாகப் பார்த்துக் கடிப்பது புல்லில் இருக்கும் பொடி உண்ணி, கண்ணுக்கே தெரியாது. மூட்டைப்பூச்சிக்கு அப்படி அளவெடுக்கத் தெரியாது. ஊரில் புரளுகிற அளவுக்குப் புல் இருப்பதும் ஏரிக்கரையில்தான். நானாக இருந்தால் கத்தித் தீர்த்திருப்பேன். அவளோ நிதானமாகக் கையை நீட்டினாள்.

"உள்ள ஒண்ணும் இல்லீங்க. கடிச்சிட்டு அது எப்பவோ போயிருக்கும். நோண்டினா புண்ணாயிடும், குறட்டைக் குடுங்க. சோப்பு போட்டுத் தேய்ச்சுக் குளிங்க. நேத்துப் போட்ட துணியைக் கொதிக்கிற தண்ணியில போடறேன்."

குளித்து வந்தவருக்கு ரோஸ் நிற லோஷனை ஒவ்வொரு தடிப்பாகத் தடவிவிட்டாள். தப்பித்தோம் என்று அவருக்கு ஒரே குஷி.

"சரி, நான் போய்க் கடையைத் திறக்கறேன்."

"தெருமுனைதானேன்னு நீங்க குளிக்கறப்பவே போய் போர்டு மாட்டிட்டு வந்துட்டேங்க. மூணு நாள் விடுமுறைன்னு."

"மூணு நாளா! எதுக்கு?"

"மூட்டைப்பூச்சி லேசுப்பட்டதா? வர்றவங்க வீட்டுக்கெல்லாம் தொத்திக்கிட்டுப் போகுமே, பாவமில்லையா?"

"அவ்வளவெல்லாம் இல்லம்மா. ஒண்ணு ரெண்டுதான்..."

"நாற்காலி பூரான்னீங்களே?"

"பூரான்னா... ஓரமா..."

"இல்ல, வேற எங்கயாவது கடிச்சுதா? சொல்லுங்க, இப்பவே போர்டை எடுத்துடறேன்."

அவர் கூரையைப் பார்த்தார். ஏரி என்றால் மானம் போகும். மூட்டைப்பூச்சி என்றால் மூணு நாள் வியாபாரம் போகும்.

"கடையிலதான்" என்றார்.

"சும்மா இருந்தா கை சொறியத்தான் போகும். இந்தாங்க பிரஷ்."

ஒரு கையில் பிரஷ், மறு கையில் பெயிண்ட் டப்பா. சொறிய மூன்றாவது கையை ஆண்டவன் படைக்கவில்லை. அரிக்கும்போதெல்லாம் சுவரில் நாலு இழுப்பு கூடுதலாக இழுத்தார். அவளும் தையலை விட்டுவிட்டு எழுந்து வந்து, தடிப்புகளுக்குக் குளிர்ந்த ஈரத்துணி போட்டுவிட்டுப் போவாள். ஒரு குத்தல் பேச்சு கிடையாது. அதுதான் எனக்குப் பெரிசு.

புதன் சாயங்காலம் கடைசிச் சுவரும் முடிந்தது. அரிப்பும் அடங்கியிருந்தது. அவள் சன்னல்களைத் திறந்துவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"எவ்வளவு நேர்த்தியா அடிச்சிருக்கீங்க! குழந்தை நிம்மதியாத் தூங்கும்."

அவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"அடுத்த தடவை பேன்ட்டை காலுறைக்குள்ள விட்டுக்கிட்டு, கையோட ஒரு பாயும் எடுத்துக்கிட்டுப் போங்க."

"எங்க?"

"ஏரிக்குத்தான்."

உங்கள் வாட்ச் நின்றுபோய் அவர் கடைக்குப் போக நேர்ந்தால், மீன் கிடைத்ததா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.