மூன்று மாடிக் கடையில் இருபத்திரண்டு மாடிக் கதை

சங்கரன்கோவிலில் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேளுங்கள். மும்பையில் கடலோரமாக நிற்கிற ஓர் ஆபீஸ் கட்டடத்தின் வரலாற்றை மூச்சுவிடாமல் சொல்வார்கள். கடலை எப்படித் தூர்த்தார்கள், எந்த மாடியில் எந்தக் கம்பெனி மஞ்சள் கடுதாசி கொடுத்தது, எந்த மழையில் எவருடைய கார் மிதந்தது, எல்லாம் அத்துப்படி. நம்ம ஊர்க் கோபுரத்துக்கு எத்தனை நிலை என்று கேட்டுப் பாருங்கள், தலையைச் சொறிவார்கள். இந்த அநியாயத்துக்கு ஒரே ஒரு ஆள்தான் பொறுப்பு. லிஃப்ட் அண்ணாச்சி.

அவருக்கும் அப்பா அம்மா ஒரு பெயர் வைத்திருக்கத்தான் வேண்டும். யாரும் கேட்டதில்லை. சொந்த ஊர் பனவடலிசத்திரம். மீசை அரும்புகிற வயசில் மும்பைக்கு ரயிலேறி, அந்தக் கடலோரக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டினார். தலை முழுக்க நரைத்த பிறகு, "இனிமேல் தானாக ஓடுகிற லிஃப்ட் வருகிறது, நீ ஊருக்குப் போ" என்று அனுப்பிவிட்டார்கள்.

நான் பட்டுப் பிரிவில் சூப்பர்வைசராக இருக்கிற ஜவுளிக்கடையில் அப்போதுதான் லிஃப்ட் வைத்திருந்தார்கள். தரைத்தளத்துக்கு மேல் மூன்று மாடி, அவ்வளவுதான். அண்ணாச்சி நேராக முதலாளி முன்னால் வந்து நின்றார்.

"பட்டன அமுக்கதுக்கு ஒரு ஆளு எதுக்குவே?" என்றார் முதலாளி.

"பிளேன்லயும் பட்டன்தான் இருக்கு மொதலாளி. பைலட்ட எறக்கி விட்டுட்டா ஓட்டுதாவ?"

முதலாளி அன்றைக்கே காக்கிச் சட்டைக்கு அளவு எடுக்கச் சொல்லிவிட்டார்.

முதல் நாள் நான் லிஃப்டில் ஏறினேன். அண்ணாச்சி என் காலடியைப் பார்த்து, "நீங்க நிக்குத எடம் இருக்குல்லா, இது கடலு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மழைக்கே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஊரில் கடலா? கதவு மூடியது. "லாரி லாரியாக் கல்லக் கொண்டாந்து கொட்டுதான். பகல்ல இவன் கொட்டுதான், ராத்திரி கடலு அதத் தூக்கி ரோட்டுல போடுது. இஞ்சினியரு கரையில உக்காந்து அழுதான். அழுதுட்டு எந்திரிச்சு ஒரு காரியம் செஞ்சாம் பாருங்க..."

டிங். முதல் மாடி. கதவு திறந்தது. அண்ணாச்சியின் வாய் மூடிக்கொண்டது.

"என்ன செஞ்சான்?" என்றேன்.

"அது ரெண்டாம் மாடிக் கதல்லா" என்றார்.

அப்புறம்தான் அவருடைய சட்டதிட்டம் புரிந்தது. மும்பைக் கட்டடத்துக்கு இருபத்திரண்டு மாடி. மாடிக்கு ஒரு கதை. கதவு திறந்தால் பேச்சு எந்த இடத்தில் இருந்தாலும் நிற்கும். கீழே இறங்கும்போது கதை கிடையாது. "கட்டடம் மேல பாத்துல்லா வளந்துச்சு? எறங்கும்போது சொன்னா இடிஞ்சிரும்வே!" எங்கள் கடைக்கோ மூன்றே மாடி. மிச்சக் கதை வேண்டுமென்றால் வாயை மூடிக்கொண்டு கீழே போய், மறுபடி ஏற வேண்டும். ஜனமும் ஏறியது, இறங்கியது, ஏறியது. ஒரு ரவிக்கைத் துணி எடுக்க வந்த பெண் ஊருக்குப் போகிற கடைசி பஸ்ஸை விட்டாள்.

அதோடு போயிற்றா? யார் யார் எந்த மாடிக் கதையில் நிற்கிறார்கள் என்பது அவர் மண்டையில் இருந்தது. "தாயி, நீங்க பதினொண்ணு. ஏறுங்க. அண்ணாச்சி, நீங்க இப்பந்தான நாலு? அடுத்த டிரிப்பு வாங்க." நிஜமாகவே மூன்றாம் மாடிக்குப் போய்ப் பட்டு எடுக்க வேண்டியவர்கள் வாசலில் நின்று வாயைப் பிளந்தார்கள். பன்னிரண்டாம் மாடிக்கு அடுத்தது பதினான்கு என்று அவர் சொன்ன அன்றைக்குக் கடையில் பெரிய ரகளை. மும்பைக் கட்டடத்தில் பதின்மூன்று என்கிற நம்பரே போடவில்லையாம், ராசியில்லையாம். "அதெப்படி? ஒரு மாடிய அப்படியே முழுங்கிட்டீரே!" என்று ஒரு வாத்தியார் சண்டைக்குப் போனார். இருபத்தொன்றோடு கதை நின்றுவிடும். இருபத்திரண்டைப் பற்றி யார் கேட்டாலும், "அது அப்புறம்" என்பார். அந்த அப்புறம் வரவே இல்லை.

எனக்கு எரிச்சலாகத்தான் வந்தது. என் பிரிவில் சேலையைப் பார்க்கிற கண்ணைவிட லிஃப்டைப் பார்க்கிற கண்தான் அதிகம். ஆனாலும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் இருபத்தொன்று வரைக்கும் மனப்பாடம்.

வினை ஒரு கல்யாண வீட்டு வடிவில் வந்தது. வாசுதேவநல்லூர்க்காரர்கள். ஒரு வேன் நிறைய ஆட்கள். ராகு காலம் பிறக்கிறதுக்குள் முகூர்த்தப் பட்டை எடுத்துவிட வேண்டும் என்று முந்தின நாளே போன் போட்டுச் சொல்லியிருந்தார்கள். மூன்றாம் மாடியில் நான் பட்டுகளை விரித்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன். லிஃப்ட் வந்தது. கதவு திறந்தது. உள்ளே பெண்ணின் அத்தை, மாப்பிள்ளையின் அம்மா, இன்னும் நாலைந்து பேர். ஒருத்தர்கூட இறங்கவில்லை. அத்தைக்காரி என்னைப் பார்த்து, "கொஞ்சம் பொறுங்க, காரு மெதந்துக்கிட்டு இருக்கு" என்றாள். கதவு மூடிக்கொண்டது. நான் அப்படியே விக்கித்துப் போய் நின்றேன்.

அது ஏழாம் மாடிக் கதை; அத்தைக்காரி ஏற்கெனவே ஆறு மாடி கேட்டவளாம். மழையும் கடலும் ஒன்றாகச் சேர்ந்து கட்டடத்துக்கு அடியில் கார் நிறுத்துகிற இடத்தில் புகுந்து, அந்த ஏழாம் மாடிப் பெரிய மனிதர் ஒருவரின் கார் தெப்பம் மாதிரி சுற்றி வந்து, டிரைவர் இல்லாமலே வாசல் வரைக்கும் போனதாம். அந்தக் கார் கரை சேர்ந்து இவர்கள் இறங்கியபோது ராகு காலம் பிறந்துவிட்டது. படியேறி வந்து சேர்ந்திருந்த மாப்பிள்ளையின் அப்பா, "கட நடத்துதியளா, கூத்து நடத்துதியளா?" என்று கத்திவிட்டு வேனோடு மொத்தப் பேரையும் அழைத்துக்கொண்டு போனார். ராகு காலம் முடிந்ததும் எதிர்க்கடையில் பட்டெடுத்தார்கள். எங்கள் மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரிந்தது.

முதலாளி அண்ணாச்சியைக் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை.

"லிஃப்டுக்குள்ள இனிமே ஒரு வார்த்த பேசுனீரு, அன்னையோட ஒமக்கு இங்கன வேல இல்ல. கேட்டுச்சா?"

டீக்கடையில் அண்ணாச்சி கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார். "சூப்பர்வைசரு, வீட்டுக்காரிக்கு முட்டுவலி. எந்திரிக்க மாட்டா. மருந்து மாத்திரைக்கு இந்தச் சம்பளந்தான் ஓடுது. இந்த வயசுல வேற எவன் எனக்கு லிஃப்டு தருவான்? ஊருக்குள்ள எல்லா வீடும் ஒரு மாடிதான்வே" என்றார். சிரிக்கவா அழவா என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாளிலிருந்து அண்ணாச்சி ஊமை. பதினான்காம் மாடிக்காரர்கள் கெஞ்சினார்கள், பதினேழாம் மாடிக்காரர்கள் திட்டினார்கள். அவர் உதட்டில் விரலை வைத்துக் காட்டுவதோடு சரி. அண்ணாச்சிக்குப் பேச்சு நின்றுபோய்விட்டது என்று ஊரில் கிளப்பிவிட்டார்கள். ஒரு அம்மா கோவிலில் இருந்து புற்றுமண்ணைக் கொண்டுவந்து, "தொண்டையில பூசுங்க அண்ணாச்சி, அம்மன் பாத்துக்கிடுவா" என்று கண் கலங்கினாள். அண்ணாச்சி மறுக்காமல் பூசிக்கொண்டார். வேலை போய்விடுமே!

ஆடித்தபசுத் திருவிழா வந்தது. ஊர் தாங்காத கூட்டம், கடை தாங்காத கூட்டம். மத்தியானம் முதலாளியும் நானும் லிஃப்டில் ஏறினோம். கூடவே பச்சைச் சேலை கட்டிய ஒரு குருவிகுளத்துக்காரி, கையில் கட்டைப்பையோடு. இரண்டாம் மாடி தாண்டியதும் கரண்ட் போனது. லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. ஜெனரேட்டர் இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. கும்மிருட்டு. நான் செல்போன் வெளிச்சத்தைப் போட்டேன்.

"அய்யோ, எனக்கு நெஞ்ச அடைக்கே!" என்று அந்தம்மா அலறினாள். அவளைச் சமாதானப்படுத்தலாம் என்று பார்த்தால், அவளைவிட அதிகமாக வியர்த்து என் சட்டையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது முதலாளி. என் ஜென்மத்தில் அப்படி அதிர்ந்ததில்லை.

"அண்ணாச்சி, ஏதாவது பேசும்வே!" என்றார் முதலாளி.

அண்ணாச்சி தலையை ஆட்டினார். "பேசுனா வேல போயிரும் மொதலாளி."

"இப்பம் பேசலேன்னாத்தாம்வே ஒம்மள வேலய விட்டுத் தூக்குவேன்!"

குருவிகுளத்துக்காரி அழுகையை நிறுத்தினாள். "நான் இருபத்தொண்ணு வரைக்கும் கேட்டுட்டேன். இருபத்திரண்டுல என்ன இருக்குன்னு சொல்லும். சாவதுக்கு முன்ன அதையாவது தெரிஞ்சுக்கிடுதேன்."

அண்ணாச்சி சொன்னார். "எனக்குத் தெரியாது தாயி."

"தெரியாதா?"

"அது சேர்மன் மாடி. அவருக்குத் தனி லிஃப்டு. அங்கன போனவன் எவனும் என் லிஃப்டுல ஏறல. அதான் ஒரு சொல்லுகூட என் காதுல விழல."

எனக்கு ஏதோ உறுத்தியது. "மத்த மாடியெல்லாம் நீங்க பாத்ததுதான அண்ணாச்சி?"

"எங்க பாத்தேன்? லிஃப்ட விட்டுக் கால வெளிய வைக்கக் கூடாதுன்னு ரூலு. ஒரு மாடியிலயும் நான் எறங்குனதே கெடையாது. ஏறுதவன் பேசுததுதான் எனக்குக் கத. இஞ்சினியரு அழுதாம்பான், காரு மெதந்துச்சும்பான், கதவு தொறக்கும், பாதியில விட்டுட்டு எறங்கிப் போயிருவான். அத்தன வருசத்துல ஒருத்தனாவது ஒரு பேச்ச முடிச்சிட்டு எறங்குனது இல்ல. ரூமுக்குப் போயிப் படுத்தா ஒறக்கம் வராது. அந்தக் காரு என்ன ஆயிருக்கும், அந்த இஞ்சினியரு என்ன செஞ்சிருப்பான்னு... மிச்சத்த நானாத்தான் கெட்டி முடிச்சேன்."

எனக்குக் காலுக்குக் கீழே லிஃப்டே இல்லாத மாதிரி இருந்தது. ஊரே மனப்பாடம் செய்த வரலாறு! ஒன்பதாம் மாடிக் கம்பெனி மஞ்சள் கடுதாசி கொடுத்த கதையைப் பொய் என்று சொன்னதற்காக, மும்பையில் இருக்கிற என் மச்சினனோடு நான் மூன்று மாசம் பேசாமல் இருந்திருக்கிறேன்.

"அப்பம் எல்லாம் பொய்யா?" என்று அந்தம்மா சீறினாள்.

"பாதிதான் தாயி. முன்பாதி சத்தியமான உண்ம."

எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. அத்தனை வருஷமும் அந்தப் பெட்டிக்குள் நின்று, ஒவ்வொரு முதுகாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார் மனிதர்.

இருட்டுக்குள் முதலாளிதான் மெல்ல ஆரம்பித்தார். "இந்தக் கட தொறந்த அன்னைக்கு என்ன நடந்துச்சு தெரியுமாவே? எம் மாமியாளுக்கும் எனக்கும் அப்பம் பேச்சுவார்த்த கெடையாது. மந்திரி ரிப்பன் வெட்ட வாராருன்னு ஊர் பூரா போஸ்டர் அடிச்சாச்சு. மந்திரி வரல. கூட்டம் சிரிக்க ஆரம்பிச்சிட்டு. அந்த நேரம் பாத்து எம் மாமியா கையில கத்திரியோட வாசல்ல வந்து நின்னா பாரும்..."

கரண்ட் வந்தது. லிஃப்ட் ஏறியது. டிங். மூன்றாம் மாடி. கதவு திறந்ததும் முதலாளி, பழக்க தோஷம், விறுவிறுவென்று வெளியே இறங்கிவிட்டார். "மொதலாளி, ஜெனரேட்டர்காரன் வந்திருக்கான்", "மொதலாளி, கல்லாவுல கூப்பிடுதாவ" என்று நாலு பக்கமும் சத்தம்.

பின்னாலிருந்து அண்ணாச்சி கேட்டார். "அப்புறம் மொதலாளி?"

மெதுவாகத்தான் கேட்டார். முதலாளி நின்றுவிட்டார். சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தார். லிஃப்டுக்குள் நின்ற காக்கிச் சட்டையைப் பார்த்தார். திரும்பி வந்து உள்ளே ஏறினார்.

"கதவ மூடும்வே" என்றார்.

நானும் குருவிகுளத்துக்காரியும் இறங்கவே இல்லை. லிஃப்ட் கீழே போனது, மேலே வந்தது, மறுபடி கீழே போனது. முதலாளி சொல்லி முடித்துவிட்டுத்தான் இறங்கினார். மாமியார் அந்தக் கத்திரியால் என்ன செய்தார் என்பதை நான் இங்கே எழுத மாட்டேன். எனக்கும் அந்தக் கடையில்தான் வேலை.

மறுநாள் அண்ணாச்சி பயந்துகொண்டே வந்தார். முதலாளி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ராகு காலத்துல மட்டும் கத சொல்லும். அப்பம் எவனும் பட்டெடுக்க மாட்டான்" என்றார். இப்போது எங்கள் கடையில் ராகு காலத்தில்தான் நிற்க இடமில்லை. பின்பாதி சொந்தச் சரக்கு என்று அண்ணாச்சி வாசலிலேயே சொல்லித்தான் ஏற்றுகிறார். ஒருத்தரும் திரும்பிப் போகவில்லை.

நான் தினமும் காலையில் அவரோடுதான் மேலே போகிறேன். வீட்டில் நடந்தது, தெருவில் நடந்தது என்று ஏதாவது சொல்லிக்கொண்டே போவேன். மூன்றாம் மாடி வந்து கதவு திறந்து, வாடிக்கையாளர்கள் முறைத்துக்கொண்டு நின்றாலும் சரி, பேச்சை முடிக்காமல் நான் இறங்குவதில்லை.