மாமாவின் ஆபீஸை மூடிய விவரம்

திருப்பாதிரிப்புலியூர்,
ஞாயிற்றுக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய தட்சிணாமூர்த்தி மாமா அவர்களுக்கு, உங்கள் அக்கா மகள் இலக்கியா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். சென்னையில் நீங்களும் அத்தையும் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் எனக்கு வார்த்தை வராது என்பதால் கடிதம்.

முதலில் கண்ணில் பட்டது டெலிபோன் ஒயர்தான். ஒன்றாம் தேதிக்குள் இங்கே வந்து ஆபீஸைக் காலி செய்துவிட்டுச் சிதம்பரத்துக்கு அம்மாவிடமே திரும்பிவிடு என்று நீங்கள் சொன்னபடி மேசையை நகர்த்தினேன். ஒயர் பின்பக்கமாக இறங்கி, சுவர் வரைக்கும் போகாமல், ரப்பர் பேண்டு போட்டுச் சுருட்டிக் கிடந்தது. அதன் மேலிருந்த ஒட்டடைக்கு என் வயது இருக்கும்.

எட்டு வயதில் நான் லீவுக்கு வந்தபோது நீங்கள் நகராட்சித் துணைத் தலைவர். வக்கீலாக இருந்தபோது சிதம்பரம் கோர்ட்டுக்குப் போட்டுப்போன கறுப்புக் கோட்டு ஆணியில் தொங்கும். மனுவோடு யாராவது வந்து உட்கார்ந்ததும் ரிசீவரை எடுப்பீர்கள். "கமிஷனர் சார், நம்ம ஆளு ஒருத்தர் வர்றாரு, ஒடனே பாருங்க." வந்தவர் கண் கலங்கிப் போவார். சாயங்காலம் காற்று வாங்க என்று என்னையும் கூட்டிப்போவீர்கள். காற்று எப்போதும் ஏதாவது ஓர் ஆபீஸ் பெஞ்சில்தான் அடித்தது. நான் குச்சி ஐஸ் தின்பேன், நீங்கள் அந்த மனுவோடு ஒவ்வொரு மேசையாக நிற்பீர்கள். வேலை முடிந்துவிடும். அந்தப் போன் பேச்சால்தான் முடிந்தது என்று ஊரே நம்பியது. நானும்தான்.

இப்போது சென்னையில் கட்சிக்காரர்களுக்கெல்லாம் யோசனை சொல்லும் ஆலோசகர் நீங்கள். "ஆலோசகர்னா என்னாடி வேல?" என்று அம்மா கேட்டாள். சொன்னேன். "அத இங்க சும்மாவே சொல்லிக்கிட்டிருந்தானே" என்றாள். தப்பாக நினைக்க வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை பழைய பேப்பர்காரர் கட்டுகளைத் தூக்கும்போது முதுநகரிலிருந்து தைலம்மாள் வந்துவிட்டார், மீன் விற்பாரே, அவர்தான். தெருமுனை விளக்கு எரியாமல், விடியற்காலையில் கூடையோடு விழுந்து முழங்கால் வீங்கியிருந்தது. மாமா இல்லை, ஆபீஸை மூடுகிறோம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது.

"மாமா இல்லன்னா என்னா பாப்பா, போனு இருக்குதே. நீயே எடுத்து ரெண்டு வார்த்த சொல்லு."

வகுப்பில் எழுந்து பதில் சொல்ல முடியாமலே பத்தாவதோடு நின்றவள் நான். ஆனால் ரிசீவரை எடுத்தேன். அந்தப் பக்கம் யாருமே இல்லை என்று நினைத்ததும் தைரியம் வந்துவிட்டது. "சார், தைலம்மா விழுந்துட்டாங்க சார். நாளைக்கு வெளக்கு எரியலன்னா நான் நேர்லயே வருவேன்!" என்று மேசையைத் தட்டினேன். பேப்பர்காரர் பயந்துபோய்க் கட்டுகளைக் கீழே வைத்துவிட்டார்.

"மாமன விட நீ ஜாஸ்தி மெரட்டுறியே" என்று தைலம்மாள் சந்தோஷமாக நொண்டிக்கொண்டே போனார்.

சொல்லிவிட்டேனே என்று மறுநாள் ஒரு மனு எழுதிக்கொண்டு நகராட்சி ஆபீஸுக்கு நேரிலேயே போனேன். இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்தேன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கடைசியில் ஒரு கிளார்க் என் கையிலிருந்த மனுவைத் தானே இழுத்துப் படித்தார்.

"தட்சிணாமூர்த்தி சார் வீட்டுப் பொண்ணா? அவரு ஒக்கார்ற எடத்துலயே வந்து ஒக்காந்துருக்க. அவரும் இப்படித்தான், போவவே மாட்டாரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது மாமா. அவர் தண்ணீர் கொடுத்தார். சாயங்காலம் விளக்கு எரிந்தது. தைலம்மாள் மார்க்கெட் முழுக்கச் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை மூன்று பேர், வெள்ளிக்கிழமை ஐந்து பேர். ஒருவர் தன் மருமகனைக் கண்டிக்கச் சொல்லிக் கமிஷனருக்குப் போன் போடச் சொன்னார். அதையும் போட்டேன்.

இருந்தாலும் உங்கள் பேச்சை மீற மாட்டேன். ஆபீஸைப் பெருக்கிப் பூட்டிவிட்டேன். நாளைக் காலையில் வீட்டுக்கார ஞானாம்பாள் அம்மாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுச் சிதம்பரம் பஸ் ஏறுகிறேன். அங்கே வீட்டுக்குள்ளேயே இருப்பேன், முன்போல யாரோடும் பேச வேண்டியிராது. அத்தைக்கு என் வணக்கம். அம்மா கொடுத்தனுப்பிய நடராசர் கோயில் விபூதி உள்ளே இருக்கிறது, பிரிக்கும்போது தும்மாமல் பிரிக்கவும்.

உங்கள் ஆசியை வேண்டும்,
இலக்கியா.

பின்குறிப்பு: திங்கள் காலை. சாவியோடு போனேன். ஞானாம்பாள் அம்மா கையை நீட்டினார். "சாவி என்கிட்டயே இருக்கட்டும்மா. மாமாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றேன். ஆபீஸ் வாசலில் ஏழு பேர் நின்றிருந்தார்கள். பூட்டைத் திறந்து, "ஒவ்வொருத்தரா உள்ள வாங்க" என்று சத்தமாகக் கூப்பிட்டேன்.